சாலையில் என்னைக் கண்டுகொண்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இந்த மடல் யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியா. பெரும்பாலோரின் முகத்தையும் நான் கண்டதில்லை. எதிர்த் திசையில் மோட்டார் சைக்கிளில் வந்து, கடந்து செல்லும் நொடியில் இடக்கையைச் சற்றே தாழ்த்தி விரித்தவர்கள், கையை எடுக்க இயலாத இடத்தில் தலையை மட்டும் அசைத்தவர்கள், சாலையோரம் நின்றிருந்த என்னைக் கண்டு வேகத்தைக் குறைத்துக் கட்டைவிரலை உயர்த்தி நலமா என்று சைகையால் கேட்டவர்கள், நலமில்லை என்று தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தவர்கள் ஆகிய எல்லோருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. தனித்தனியே தேடிச் சொல்ல வழியில்லை என்பதால் பொதுவில் எழுதுகிறேன். நீங்கள் செய்ததை நீங்களே மறந்திருக்கக்கூடும், நான் மறக்கவில்லை.

முதலில், வெறுமனே வணக்கம் சொல்லிக் கடந்து போனவர்களுக்கு. அது சிறிய செயல் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஹாரி ஹர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை மறித்தவர் அந்த மற்ற வாகனத்தின் ஓட்டுநர்தான் என்று அது கண்டது. அவர்களுள் பலருக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வருவதை அவர்கள் காணவில்லை, அல்லது கண்டபோது காலம் கடந்துவிட்டது. இரு சக்கரத்தில் செல்பவருக்குள்ள பெரிய ஆபத்துகளுள் ஒன்று, பிறர் கண்ணில் படாமல் போவது. அப்படிப்பட்ட சாலையில் முன்பின் அறியாத ஒருவர் கையை உயர்த்தும்போது அவர் உண்மையில் சொல்வது, ‘நீங்கள் வருவதை நான் பார்த்துவிட்டேன்’ என்பதுதான். நான் புதிதாக வண்டி ஓட்டத் தொடங்கிய காலத்தில், பெரிய வாகனங்களுக்கு நடுவே தோள்களை இறுக்கிக்கொண்டு சென்றபோதெல்லாம், அந்த ஒரு கையசைவு என் உடம்பைத் தளர்த்தியிருக்கிறது. தளர்ந்த தோளும் தளர்ந்த முழங்கையும் வண்டியை நன்றாகத் திருப்பும் என்பதை ஓட்டிப் பழகியவர்கள் அறிவார்கள். ஆகவே நீங்கள் தந்தது மனத்துக்கு இதமளித்தது மட்டுமல்ல, என் ஓட்டத்தையும் சீராக்கியது.

அதைத் தருவதற்கு உங்களுக்கு எவ்வளவு குறைந்த நேரம் இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். இருவரும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால், இடையில் இருக்கும் 100 மீட்டர் தூரம் இரண்டேகால் நொடியில் தீர்ந்துவிடும். அதற்குள் நான் வருவதைக் கண்டு, முன்னே சாலை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கையை எடுத்து, மீண்டும் கைப்பிடியில் வைத்திருக்கிறீர்கள். முழுமுகத் தலைக்கவசத்துக்குள் புன்னகை தெரியாது, குரலும் கேட்காது என்பதால் எல்லாவற்றையும் உடம்பின் ஓர் அசைவுக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. அந்த அசைவு நாட்டுக்கு நாடு வேறுபடுவதற்கும் வண்டியின் அமைப்பே காரணம். வலக்கையில் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன. அதை எடுத்தால் ஆக்சிலரேட்டர் தானே திரும்பி மூடிக்கொள்ள, வண்டி வேகம் இழக்கும். இடக்கையில் இருப்பது கிளட்ச் மட்டுமே என்பதால், கியர் மாற்றத் தேவையில்லாத நேர்சாலையில் அதற்கு ஒரு நொடி ஓய்வு கிடைக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் எதிரே வருபவர் நம் இடப்புறமாகக் கடக்கிறார். எனவே அங்கே இடக்கையைத் தாழ நீட்டி, பெரும்பாலும் இரண்டு விரல்களை விரித்துக் காட்டுவது இயல்பாக அமைந்துவிட்டது. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்று இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அவர் வலப்புறமாகக் கடக்கிறார். அந்தப் பக்கத்துக் கையை எடுக்க முடியாது என்பதால் தலையசைப்பே அங்கு வழக்கமாயிற்று. பிரான்சில், வழிவிட்டவரை முந்திச் செல்பவர் வலக்காலை மிதியிலிருந்து எடுத்து வெளியே நீட்டி நன்றி சொல்கிறார். பார்த்துப் பழகாதவர்கள் அதை அவமதிப்பு என்று கருதிவிடக்கூடும். உண்மையில் கையை எடுக்க முடியாதவரின் கைகூப்புதலாகவே நான் அதைக் கொள்கிறேன்.

இப்போது, எனக்கு வணக்கம் சொல்லாமல் போனவர்களுக்கும் நன்றி சொல்ல விரும்புகிறேன். இதை மனமாரவே சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. வளைவில் சாய்ந்திருக்கும்போதும், சரளைக்கல் சிதறிய இடத்திலும், பக்கக்காற்று தள்ளும் பாலத்திலும், சந்திப்பை நெருங்கும் வேளையிலும் இரு கைகளும் கைப்பிடியில் இருக்க வேண்டும். அங்கே நான் கை உயர்த்தியதற்கு நீங்கள் பதில் தராதபோது, உங்கள் கவனம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பலவற்றில் பின் பிரேக் இடக்கையில்தான் இருக்கிறது. ஆகையால் ஸ்கூட்டரில் வருபவர் தலையை மட்டும் அசைத்தாலும், அசைக்காமலே போனாலும், அதில் குறை காண எதுவுமில்லை. பதில் வணக்கம் வராததைச் செருக்கு என்று எடுத்துக்கொள்வது நம்மிடையே சிலருக்கு வழக்கமாக இருக்கிறது. அது நியாயமன்று என்பது என் உறுதியான கருத்து. தலைக்கவசத்தின் கண்ணாடி வழியே வெயில் அடிக்கும்போது எதிரே வருபவரின் கை தெரிவதே அரிது.

பெரிய எஞ்சின் கொண்ட வண்டிகளில் வந்தவர்களுள் ஒரு சாராருக்குத் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் வெகுகாலம் சிறிய வண்டியில்தான் பயணம் செய்தேன். வணக்கம் என்பது தம் நிறுவனத்தின் வண்டிக்கு மட்டும், அல்லது இத்தனை சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு மட்டும் என்று எழுதாத சட்டம் வைத்திருப்பவர்களைச் சாலையில் சந்தித்திருக்கிறேன். நீங்கள் அப்படி இருக்கவில்லை. தூசி படிந்த என் சிறிய வண்டியைப் பார்த்தும், உங்கள் கூட்டத்தின் முன்னவர் தொடங்கிக் கடைசியில் வந்தவர் வரை, ஒருவர் விடாமல் கை தாழ்த்திக் கடந்தீர்கள். மழை நனைக்கும்போது எஞ்சினின் அளவைப் பார்த்து நனைப்பதில்லை. சாலையில் விழுந்தால் வலிப்பதும் எல்லோருக்கும் ஒன்றே. அதை உணர்ந்தவர்களாக நீங்கள் நடந்துகொண்டது, பிற்காலத்தில் நான் யாருக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்ற கேள்வியையே இல்லாமல் ஆக்கிவிட்டது.

வணக்கத்தோடு எச்சரிக்கையும் தந்தவர்களை எப்படி மறப்பேன்? மேட்டைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாத இடத்தில், உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல அழுத்துவதுபோல் காட்டி வேகத்தைக் குறைக்கச் சொன்னவரால், அங்கே எண்ணெய் சிந்திக் கிடந்த இடத்தை நான் நிதானமாகக் கடந்தேன். எனக்கு முன்னே சென்றுகொண்டிருந்த இன்னொருவர், இடப்பக்கத்துக் குழியை இடக்கையாலும், வலப்பக்கத்துக் குழியை வலக்காலாலும் சுட்டிக்காட்டிக்கொண்டே போனார். அவருக்கு நான் யாரென்று தெரியாது, பின்னால் ஒருவன் வருகிறான் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. விரல்களைக் குவித்து விரித்து, என் திசைகாட்டி விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருப்பதைத் தெரிவித்தவர்களும் உண்டு. திரும்பப் போகிறேன் என்று பிறர் நம்பி எதிரே புகுந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கும்போது, அந்த விரலசைவு எவ்வளவு பெரிய உதவி என்பது விளங்கும். சைகைகளுள் சில இடத்துக்கு இடம் பொருள் மாறுகின்றன. தலைக்கவசத்தின் உச்சியைத் தட்டிக் காட்டுவதை, முகப்பு விளக்கு உயரொளியில் எரிகிறது என்று சிலரும், முன்னே காவலர்கள் நிற்கிறார்கள் என்று வேறு சிலரும் கொள்கிறார்கள். எப்படிக் கொண்டாலும், வேகத்தைக் குறைத்து விளக்கையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் தவறு நேராது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த பயணிக்கும் என் வணக்கம்.

குழுவாகப் பயணம் செய்த ஒரு நாளில், யாரையும் அறியாமல் வந்து சேர்ந்த என்னைத் தங்களுள் ஒருவராக ஏற்றுக்கொண்டவர்களை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது. புறப்படுமுன் வழிநடத்துபவர் எங்களை நிற்க வைத்து, ஒருவர் தடத்தின் இடப்பாதியிலும் அடுத்தவர் வலப்பாதியிலுமாக மாற்றி மாற்றிச் செல்ல வேண்டும், நேர் முன்னே செல்பவருக்கு இரண்டு நொடி இடைவெளி விட வேண்டும், வளைவுகளில் ஒற்றை வரிசையாகிவிட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் தமக்கு அடுத்து வருபவரை நிறுத்திவிட்டுப் போவார். நின்றவர் பின்னால் வரும் எல்லோருக்கும் வழிகாட்டிவிட்டு, கடைசியாக வருபவரைக் கண்டதும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். இந்த முறையில் மெதுவாகச் செல்பவர் யாருக்காகவும் அவசரப்பட வேண்டியதில்லை, எவரும் வழி தவறுவதும் இல்லை. அன்று கடைசி வண்டியை ஓட்டியவர் நாள் முழுவதும் என் வேகத்துக்கு இறங்கி வந்தார். ஒருமுறைகூட என்னை நெருங்கி ஒலியெழுப்பவில்லை. முன்னே செல்பவருக்குப் புகழ் எளிதில் கிடைத்துவிடுகிறது. கடைசியில் வருபவரின் பொறுமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால், அவருக்கு இந்த மடலில் நான் சற்று அதிகமாகவே நன்றி சொல்கிறேன்.

இறுதியாக, பொழுது சாயும் நேரத்தில் பின்சக்கரத்தில் காற்று இறங்கி நான் நின்ற இடத்தில் நின்ற அந்த இருவருக்கு. எனக்கு நேர் எதிரே திடீரென்று நிறுத்தாமல், என்னைத் தாண்டிச் சென்று சாலையை விட்டு இறங்கி, நான்கு திசைகாட்டி விளக்குகளையும் எரியவிட்டு நின்றீர்கள். அருகில் வந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டினீர்கள். இருட்டும் வேளையில் தனியே நிற்பவரிடம் அந்நியர் இருவர் வந்தால் எழக்கூடிய அச்சத்தை நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ‘உதவி வேண்டுமா?’ என்று கேட்டு, நான் ஆம் என்ற பிறகே வண்டியைத் தொட்டீர்கள்.

உங்களுள் ஒருவர் சக்கரத்தை மெல்ல உருட்டச் சொல்லி, கைவிளக்கொளியில் ஆணியைக் கண்டுபிடித்தார். டியூப்லெஸ் டயர் என்பதை உறுதி செய்துகொண்டு, ஆணி சாய்ந்திருந்த கோணத்தைக் கவனித்து, இடுக்கியால் அதைப் பிடுங்கினார். அதே கோணத்தில் அரத்தைச் செலுத்தித் துளையைச் சுத்தப்படுத்தி, பசை பூசிய திரியை ஊசியில் கோத்து உள்ளே இறக்கினார். அதற்குள் மற்றவர், வருகிற வாகனங்களுக்குத் தெரியும்படி சற்றுத் தொலைவில் சாலையோரமாக நின்று கைவிளக்கைத் தாழ்த்தி அசைத்துக்கொண்டிருந்தார். சிறிய மின் பம்பை உங்கள் பேட்டரியில் இணைத்துக் காற்று நிரப்பி, திரியின் மேல் நீரூற்றிக் குமிழ் வருகிறதா என்று பார்த்த பிறகே கருவிகளை மடித்து வைத்தீர்கள். நான் நீட்டிய பணத்தை வாங்க மறுத்தீர்கள். இது தற்காலிகமான அடைப்புதான், மெதுவாகப் போங்கள், அடுத்த நிறுத்தத்தில் காற்றழுத்தத்தை மறுபடி பாருங்கள், உட்புறத்திலிருந்து ஒட்டுப்போட்டுச் சரி செய்யும்வரை பாரம் ஏற்றாதீர்கள் என்று சொல்லி, நான் கிளம்பிச் சீராக ஓடத் தொடங்கும்வரை பின்னாலேயே வந்தீர்கள். பிரியும் இடத்தில் நீங்கள் உயர்த்திய கைகளைப் பின்கண்ணாடியில் பார்த்தேன். பதிலுக்கு நான் கையசைத்தது இருட்டில் உங்களுக்குத் தெரிந்திருக்குமா என்று அறியேன்.

நீங்கள் சொன்னபடியே அடுத்த நிறுத்தத்தில் அழுத்தத்தைப் பார்த்தேன். சற்றும் குறையவில்லை. மறுநாள் சக்கரத்தைக் கழற்றி உட்புறம் ஒட்டுப்போட்டவர், திரி நேராக இறங்கியிருக்கிறது, கை தேர்ந்தவர் போட்டது என்றார். அதை உங்களிடம் தெரிவிக்க எனக்கு வேறு வழி இல்லை.

மிக்க நன்றியுடன்,
உங்களோடு சாலையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு பயணி