எண்ணிக் கொடுத்த கண்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

சனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக விடியுமுன்பே ஈரநிலக் கரைக்கு வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் நன்றி. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நம் காப்பகத்தின் தாளும் சேர்கிறது.

முதல் நன்றி குறிப்பெழுதியவர்களுக்கே. ஸ்கோப்பில், அதாவது முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியில், கண் வைத்தவரே எழுதக் குனிந்தால், நிமிரும்போது எந்த வாத்தில் விட்டோம் என்பது மறந்துபோகும். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, 20 மடங்கு உருப்பெருக்கத்திலேயே ஸ்கோப்பை மெல்ல நகர்த்தி எண்ணியவர்களுக்கும் நன்றி. 60 மடங்குக்குப் போனால், வெயில் ஏற ஏறக் கானலில் பறவை நெளியும். கால் எது, நாணல் எது என்று தெரியாது.

நீலச்சிறகி வாத்துக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணினீர்கள். கண்மதிப்பில் பெருங்கூட்டம் பெரும்பாலும் குறைவாகத்தான் தெரியும் என்பதால் படமும் எடுத்து ஒப்பிட்டது நல்ல வேலை. நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிட்டது. எழும்பிய நேரத்தையும் போன திசையையும் இரு குழுவும் குறித்திருந்ததால் அதே வாத்துகள் இருமுறை கணக்கில் ஏறவில்லை. முக்குளிப்பான்கள் மேலே வரும்வரை காத்திருந்தவர்களின் பொறுமை தனி.

சிறு கரைப்பறவைகளான உள்ளான்கள்தான் வழக்கம்போல் தலைவலி. கொசு உள்ளானுக்குக் கருங்கால், பச்சைக்கால் கொசு உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சைக்கால் என்பது புத்தகத்தில் சுலபம். சேறு அப்பிக்கொண்டால் இரண்டும் ஒரே நிறம்! அப்போது மார்பைத்தான் பார்க்க வேண்டும்: முன்னதற்கு வெள்ளை, பின்னதற்குச் சாம்பல் பழுப்பு. அதுவும் பிடிபடாதபோது "இனம் தெரியாத உள்ளான்" என்று எழுதி எண்ணிக்கையை மட்டும் தந்தவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. தப்பான பெயர் ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

கருவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாளப் பட்டையைப் படித்தவர்கள் நிறம், எழுத்து, மூட்டுக்கு மேலா கீழா என்பதோடு பறவையின் இடக்காலா வலக்காலா என்றும் எழுதியிருந்தார்கள். பறவை நம்மைப் பார்த்து நிற்கும்போது நம் வலப்பக்கம் தெரிவது அதன் இடக்கால்; பலரும் சறுக்கும் இடம் இது. மற்றக்கால் தண்ணீருக்குள் இருந்ததால் "தெரியவில்லை" என்று எழுதியதும் சரியே. அங்கே "பட்டை இல்லை" என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

பார்வை மேடையில் சத்தம் எழாமல் பார்த்துக்கொண்ட காவலர்களுக்கும் நன்றி.

வரப்போரம் ஒரு முக்காலித் தட்டு (ஸ்கோப்பை முக்காலியில் பொருத்தும் தட்டு) கிடைத்தது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கணக்கெடுப்புக் குழு