சந்தேகம் அல்ல, ஆசை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசேன் வரைந்த ‘பாதாளத்தில் ஓர்ஃபியஸ்’ படத்தைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் அதை எண்ணெய் ஓவியம் என்று போட்டிருந்தீர்கள். அது பேனாவால் வரைந்து மை கரைத்துப் பூசியது. 1622-23 வாக்கில் பாரிசில் இத்தாலியக் கவிஞர் மரீனோவுக்காக பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதைகளை வைத்து வரைந்த வரிசையில் ஒன்று. இன்று இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கட்டைப் பேனா பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன், சும்மா இருக்க முடியவில்லை.

சரி, அது சின்னப் பிழை. இறந்த மனைவி யூரிடிசியை மீட்கப் பாதாளம் போன பாடகன் ஓர்ஃபியஸ், வெளியே வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, அவள் மேல் சந்தேகப்பட்டுத் திரும்பினான் என்று நீங்கள் எழுதியதுதான் உறுத்துகிறது. அவள் தளர்ந்துவிடுவாளோ என்ற பயம், பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ஓவிட் சொல்வது இவ்வளவுதான். அவன் திரும்பியதால் மறுபடி இறந்த யூரிடிசி கூட அவனைக் குறை சொல்லவில்லை. தன்னை நேசித்தான் என்பதைத் தவிர வேறு என்ன குறை சொல்ல என்று கேட்கிறார் ஓவிட். ஓர்ஃபியஸ் பாடியதைக் கேட்டு, பாதாளத்தில் தண்டனையாக ஓயாமல் பாறை உருட்டும் சிசிபஸ் அந்தப் பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டானாம். அந்த ஒரு வரிக்காகவே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

அடுத்த முறை படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். பூதக்கண்ணாடி வைத்துத்தான் கோடுகளைப் பார்த்தேன்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்