மொறட்டுவைக்குப் போகும் பிள்ளைக்கான கணக்கு

வவுனியா.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மொறட்டுவையில் பொறியியல் கிடைத்ததை வாசித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் உரத்துச் சொன்னேன். முரசுமோட்டையில் இருந்து ஒரு பிள்ளை அங்கே போவது சின்ன விஷயமா, மச்சான்?

மகாபொல என்ற அரச உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வராததால், காசு இல்லாமல் எப்படி அனுப்புவது என்று கேட்டிருந்தாய். அரச கம்பசில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து, இவ்வளவுக்கும்தான் நீ காசு தேட வேண்டும். மகாபொல கிடைத்திருந்தாலும், 2025 இல் கூட்டிய கணக்குப்படி மாதம் 7,500 ரூபாதான். அது கிடைக்காத, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேசரி என்ற உதவித்தொகை இருக்கிறது, அதே கணக்கில் மாதம் 6,500. இரண்டுக்கும் இடையில் 1,000 ரூபாதான் வித்தியாசம். அதனால் முழுக் கவனத்தையும் பேசரி விண்ணப்பத்தில் வை.

அந்த விண்ணப்பம் பிழையாகிப்போவது பெரும்பாலும் வருமானப் பகுதியில். காணி அனுமதிப்பத்திரத்தில் உள்ள ஏக்கர் முழுவதையும் இரண்டு போகத்துக்கும் விதைத்ததாக எழுதிவிடுகிறார்கள். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எவ்வளவு ஏக்கருக்குப் பங்கிட்டுக் கிடைத்தது, அதில் குத்தகைக் காணி எவ்வளவு என்று கமநல சேவை நிலையத்தில் கடிதம் எடு. உழவுக்கூலி, பசளை, மருந்து, அரிவு வெட்டும் மெசின் செலவுகளையும் ஒரு தாளில் எழுதி, அந்தக் கடிதத்தோடு கிராம அலுவலரான விதானையாரிடம் கொண்டுபோ. விற்ற நெல்லின் முழு விலையையும் வருமானமாகப் போட்டால், கையில் மிஞ்சாத காசுக்காகப் பிள்ளை உதவியை இழப்பாள். தம்பிமார் படிக்கும் பாடசாலையின் கடிதங்களையும் சேர்த்துக்கொள். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கிறதென்றால் அதன் பிரதியும் வேண்டும். பிறகு பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்து. விதானையார் போட்ட தொகையும் படிவத்தில் நீ எழுதிய தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வைத்திரு. மறுத்தால் மேன்முறையீடு செய்ய அவை தேவைப்படும்.

அடுத்தது, எனக்கு இதைவிடப் பெரிய கவலை. பேசரி கிடைத்தாலும் முதல் காசு கைக்கு வர மாதக்கணக்காகும். மாதச் செலவு 25,000 என்று வை. முதல் நான்கு மாதத்துக்கு 100,000, மெத்தை, வாளி, உடுப்பு, பயணம் என்று இன்னொரு 30,000. இந்த 130,000 கையில் இருந்தால் பிள்ளை தளம்பாமல் தொடங்குவாள். பேசரி 6,500 வந்த பின் மாதம் 18,500 அனுப்பினால் போதும். ஹொஸ்டலுக்கு முதல் நாளே விண்ணப்பிக்கச் சொல். இடையில் வரும் வருடங்களில் ஹொஸ்டல் கிடைக்காமல் போர்டிங் எடுக்க வேண்டி வரலாம், அப்போது முற்பணமும் கேட்பார்கள். அந்தக் காசை இப்போதே தனியாக ஒதுக்கத் தொடங்கு.

லப்டொப் அவசரமில்லை. எந்தத் துறை என்பது முதல் செமஸ்டர் முடிவுக்குப் பிறகுதான் தெரியும். சிவிலுக்கும் கொம்பியூட்டருக்கும் ஒரே மெசின் பொருந்தாது.

அந்த 130,000 எங்கிருந்து? வாராவாரம் வந்து அறவிடும் நுண்கடன் மட்டும் வேண்டாம், மச்சான். உனக்குக் காசு வருவது அறுவடைக்கு, அவர்களுக்குக் கட்ட வேண்டியது ஒவ்வொரு கிழமையும். அந்த இடைவெளியை அடைக்க இன்னொரு கடன் எடுத்துச் சிதைந்த குடும்பங்களை நீயும் அறிவாய். நகை இருந்தால் அரச வங்கியில் அடைவு வை, காலபோக நெல் விற்றதும் முதல் வேலையாக மீட்டெடு. பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கும் எழுது. மொத்தமாகக் கேட்காதே. மாதம் இவ்வளவு, இத்தனை மாதத்துக்கு என்று கேட்டால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் கொடுப்பது இலகு. அனுப்பும் காசு பிள்ளையின் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும்.

கிளிநொச்சி அறிவியல்நகரிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறதே, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாய். நல்ல பீடம், வீட்டுக்கும் கிட்ட. ஆனால் அவள் ஆசைப்பட்டது மொறட்டுவையை. மாதச் செலவில் எவ்வளவு மிச்சம் வரும் என்று அவளோடு இருந்து கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடு. எதுவானாலும் மாற்றம் வருமென்று நம்பிப் பதிவைத் தள்ளிப்போடாதே, திகதி தவறினால் இடமே போய்விடும்.

விதானையாரிடம் போவதற்கு முன் நிரப்பிய படிவத்தைப் படமெடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராசன்