செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு எந்த மணல்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "கடலை வாசலில் வைத்துக்கொண்டு மணலுக்குக் காசா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். நானும் அப்படி நினைத்தவன்தான். கடை தொடங்குவதற்கு முன், கரையிலிருந்து ஒரு வாளி மணலை அள்ளிவந்து, கரிப்புப் போகும்வரை பத்துத் தண்ணீரில் அலசி, வீட்டு மீன்தொட்டியில் பரப்பினேன். ஒரு மாதத்தில் செடிகளின் கொழுந்து இலைகள் மஞ்சளித்தன. நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. நியான் டெட்ரா மீன்கள் ஒவ்வொன்றாக மூலையில் ஒதுங்கின.

உப்பு அலசினால் போய்விடும், சிப்பி போகாது. நம் கரை மணலில் உடைந்த சிப்பியும் சங்கும் பவளத் தூளும் கலந்திருக்கின்றன. எல்லாம் சுண்ணாம்பு. தொட்டியில் ஊறும் புளிப்பில் (அமிலத்தில்) அது மெல்லக் கரைந்து, தண்ணீரின் கடினத்தையும் பிஎச் எனும் காரத்தன்மை அளவையும் ஏற்றிவிடும். அப்புறம் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது.

சந்தேகமா? ஒரு கரண்டி மணலைக் காயவைத்துக் கண்ணாடித் தம்ளரில் போட்டு, மேலே வினிகர் ஊற்றிக் காதருகே பிடியுங்கள். சோடா திறந்ததுபோல் 'சுர்ர்' என்று கேட்டால், செடித் தொட்டிக்கு அந்த மணல் ஆகாது. பவளக் கல்லை அழகுக்கு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: செத்த பவளமானாலும் எடுப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். எங்களிடம் கேட்காதீர்கள்.

நாங்கள் கொடுப்பது சலித்த குவார்ட்ஸ் (படிகக்கல்) மணல். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் பருமன். மாவுபோல் நைசான மணல் இறுகிப்போய், அடியில் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பெரிய கூழாங்கல்லின் இடுக்குகளிலோ தீனி விழுந்து அழுகும். முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 7 செ.மீ. எனச் சரிவாகப் பரப்புங்கள். இரண்டடிக்கு ஓரடித் தொட்டிக்குச் சுமார் 14 கிலோ பிடிக்கும். பத்துக் கிலோ போதும் என்று வாங்கிப்போய், மறுநாள் திரும்பி வருகிறவர்கள் நிறைய.

பெட்டியில் வரும் சுட்ட மண் உருண்டையை, அதாவது அக்வா சாயிலை, விற்றால் எங்களுக்கு லாபம் கூடுதல்தான். ஆனாலும் வீட்டில் போர்த் தண்ணீர் மட்டும் இருப்பவர்களுக்கு நான் அதை எடுத்துக் கொடுப்பதில்லை. தண்ணீரை மென்மையாக்கும் அதன் சக்தி நம் கடினத் தண்ணீரில் சீக்கிரமே தீர்ந்துவிடும். மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றுபவர்கள் தாராளமாக வாங்கலாம். முதல் சில வாரங்கள் அது அம்மோனியா கக்கும். அடிக்கடி தண்ணீர் மாற்றி, மூன்று நான்கு வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்த பிறகே மீன் விடுங்கள்.

மற்றவர்களுக்கு மணலும் உர மாத்திரையும் போதும். அமேசான் சுவார்டு, கிரிப்டோகோரைன் போன்ற செடிகள் வேரால் உண்பவை. அவற்றின் அடியில் மாத்திரையைப் புதையுங்கள். வாலிஸ்னேரியா கடினத் தண்ணீரிலும் செழிக்கும். அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் மண்ணே வேண்டாம். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும்.

கண்மாய் வண்டல் பற்றியும் கேட்கிறார்கள். சத்துள்ள மண்தான், ஆனால் வயல் மருந்தும் அதில் வடிந்திருக்கும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே மணல் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒரு பொட்டலம் கொண்டுவாருங்கள். வினிகர் பாட்டில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வண்ணமீன் கடைக்காரர்,
ராமநாதபுரம்