பாப்பா வரைந்த படம் பற்றி

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. வேறு செய்திகளும் இருக்கின்றன, அப்புறம் எழுதுகிறேன். பாப்பா வரைந்ததென்று நீ அனுப்பிய படத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். உனக்குக் கண், மூக்கு எல்லாம் வைத்து, கம்மலைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாள். அம்மாவுக்கும் எனக்கும் கண்ணாடி மாட்டியிருக்கிறாள். தன்னை மட்டும் ஓரத்தில் வரைந்து, ரப்பரால் அழித்து அழித்து, அந்த இடத்தில் தாளே தேய்ந்திருக்கிறது. மறுநாள் பேசும்போது ஏன் பாப்பா என்று கேட்டேன். "நான் வேஸ்ட் தாத்தா, எனக்கு ஒண்ணும் வராது" என்றாள். அழக்கூட இல்லை.

படத்தில் மாப்பிள்ளை இல்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல்.

பள்ளியில் யாரோ சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்கிறாள் அம்மா. இருக்கலாம். ஆனால் போன மாதம் போனை வைக்கும் முன்பு நீ உன்னைப் பற்றி அதே சொல்லைச் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். பாப்பா பக்கத்தில்தானே இருந்தாள்?

குறை சொல்வதாக நினைக்காதேம்மா. வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, குடும்ப ஜெபத்தையும் நிறுத்தாமல் நடத்துகிறாய். அதை நான் சபையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று அம்மாவைக் கேட்டுப் பார். ஆனால் "இப்படிப் பண்ணினா இயேசப்பா அழுவார்", "நல்ல பிள்ளைங்களைத்தான் இயேசப்பாவுக்குப் பிடிக்கும்" என்று அவளிடம் சொல்வதை விட்டுவிடு. அன்று வீடியோவில் என் காதிலும் விழுந்தது. பள்ளியில் மார்க். சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்தால் பரிசு. ஆண்டவரும் கையில் ஒரு ரேங்க் கார்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை எங்கேதான் போகும்?

இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறினபோது, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்ததே. சுவிசேஷத்தில் அதற்கு முன்பு அவர் ஒரு பிரசங்கம் பண்ணவில்லை, ஒரு நோயாளியைச் சுகமாக்கவில்லை, சீஷர் என்று ஒருவரும் பின்னால் வரவில்லை. பிதா முதலில் தம் பிரியத்தைச் சொன்னார். ஊழியமெல்லாம் அதற்கு அப்புறம்தான். பாப்பாவிடம் இந்த வரிசையை மாற்றிச் சொல்லாதே.

அதற்காக "நீதான் பெஸ்ட்" என்று நாளெல்லாம் புகழவும் வேண்டாம், அவள் நம்ப மாட்டாள். நான் திக்குவாயன் என்று மோசே சொன்னபோது, இல்லையில்லை நீ அருமையாகப் பேசுகிறாய் என்று கர்த்தர் சொல்லவில்லை. மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்டார். உன் வாயோடே இருப்பேன் என்றார். மோசே மறுபடியும் பின்வாங்கினான், அவருக்குக் கோபமும் வந்தது. ஆனாலும் பேசத் துணைக்கு அவன் அண்ணன் ஆரோனைக் கொடுத்தார். கணக்கு வரவில்லையா, வரவில்லை என்றே ஒத்துக்கொள்ளலாம், சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் பார்க்கலாம். அதனால் அவள் வேஸ்ட் ஆகிவிட மாட்டாள்.

படுக்கும்போது அடைக்கலான் குருவியைச் சொல். மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. அந்த விலைக்கு நாலுதான் வர வேண்டும், ஐந்தாவது வெறும் கொசுறு. அந்தக் கொசுறையும் சேர்த்துத்தான், ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்கிறார் இயேசு. உனக்கு இதைச் சொன்னபோது, "அந்த அஞ்சாவது குருவிக்கு என்ன பேருப்பா?" என்று கேட்டுத் தூங்கவிடாமல் பண்ணினாய். பாப்பாவுக்குக் கொஞ்சம் சத்தமாகவே சொல், உன் காதிலும் விழட்டும்.

"நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய்" என்கிற ஏசாயா 43:4-ஐ இருவரும் சேர்ந்து மனப்பாடம் பண்ணுங்கள். ஒப்பித்தால் பரிசு கிடையாது.

கொஞ்ச வாரமாக நீங்கள் ஆராதனைக்குப் போகவில்லையாம். பாப்பாதான் சொன்னாள், அவளைத் திட்டாதே. யாராவது ஏதாவது கேட்பார்கள் என்றா? கேட்கிறவர்கள் கேட்கட்டும். பின் வரிசையில் உட்கார், முடிந்ததும் கிளம்பி வந்துவிடு. போகாமல் மட்டும் இருக்காதே.

திரும்பவும் சொல்கிறேன், அந்த 'வேஸ்ட்' என்கிற சொல் உங்கள் வீட்டில் வேண்டாம். யாரைப் பற்றியும் வேண்டாம். விளையாட்டுக்கும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எப்போதும்போல எடுத்ததும் போனைப் பாப்பா கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதே. முதலில் நீ பேசு. அம்மாவிடம் அப்புறம் கொடுக்கிறேன்.

ஜெபத்துடன்,
அப்பா