நரம்பு கட்டும் பழைய இயந்திரம் வாங்கும் கழகங்களின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நரம்பு அறுந்த இறகுப்பந்து மட்டையை மதுரைக்கோ கோவைக்கோ பேருந்தில் கொடுத்தனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்கும் நிலை, எங்களைப் போன்ற சிறு நகரக் கழகங்களுக்கு இன்னும் தீரவில்லை. ஆகவே பெற்றோரும் உறுப்பினர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, மட்டைக்கு நரம்பு கட்டும் பயன்படுத்திய இயந்திரம் ஒன்றை வாங்க முனைவது நல்ல முடிவே. 200 மீட்டர் சுருள் ஒன்றில், மட்டைக்கு 10 மீட்டர் வீதம் இருபது மட்டைகள் கட்டலாம் என்பதால், கூலியோடு, ஒரு மட்டைக்கென விற்கும் பொட்டல நரம்புக்குக் கொடுக்கும் கூடுதல் விலையும் மிச்சமாகும். ஆனால் அந்தச் சொற்பப் பணத்தை எதை நம்பிப் போடுவது என்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். மாணவர்களுக்கு மட்டை கட்டித்தருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "கரண்டில் ஓடுமா?" என்பதுதான். எண் ஒளிரும் திரை கண்ணைக் கவரும். ஆனால் உற்பத்தி நின்றுபோன மாடலின் சர்க்யூட் போர்டு பழுதானால் மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. கையால் சுற்றும் கிராங்க் வகையில் நரம்பை இழுக்கும் விசையைத் தீர்மானிப்பது ஒரு சுருள்வில். குறித்த அளவை எட்டியதும் அது பூட்டிக்கொள்ள, அதன்பின் நரம்பு நெகிழ்வதால் விசை சற்றுக் குறையும், வில்லும் நாளடைவில் தளரும் என்பதால் அவ்வப்போது அளந்து சரிசெய்ய வேண்டும். நீண்ட கம்பியில் எடையை நகர்த்திவைத்து இறக்கும் 'டிராப் வெயிட்' வகையிலோ இழுப்பது புவியீர்ப்பு. கம்பி வளையாதவரை எத்தனை ஆண்டு பழையதானாலும் அதன் விசை மாறுவதில்லை, நரம்பு நெகிழ்ந்தாலும் எடை தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். பழகும்வரை ஒரு மட்டைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்தான். இருந்தாலும் ஒரு கழகமோ பள்ளியோ குறைந்த செலவில் வாங்க இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பதே என் உறுதியான கருத்து.

எந்த வகையானாலும், முன்பணம் கொடுக்குமுன் மட்டையைத் தாங்கும் அமைப்பையும், இழுத்த நரம்பு தளராமல் பிடித்துவைக்கும் கிளாம்புகளையும் பார்த்துவிட வேண்டும். விற்பனைக்கு வரும் பழைய இயந்திரங்களில் டென்னிஸுக்காகச் செய்யப்பட்டவையும் உண்டு. டென்னிஸ் நரம்பின் தடிமன் ஏறக்குறைய 1.25 மி.மீ.; நம் பிள்ளைகள் கட்டும் யோனெக்ஸ் பி.ஜி. 65 நரம்போ 0.70 மி.மீ.தான். தடித்த நரம்புக்கான கிளாம்பில் மெல்லிய நரம்பு வழுக்கும். அதன் பருத்த பற்கள் நெருக்கமான வரிசைக்குள் நுழையாமல் பக்கத்து நரம்புகளையும் நெருக்கும். மட்டையின் சட்டத்துக்கு (ஃபிரேம்) ஆபத்து இன்னும் அதிகம். நெடுக்கு நரம்புகளை இழுக்க இழுக்க, சட்டம் நீளத்தில் சுருங்கிப் பக்கவாட்டில் விரியப் பார்க்கும். உச்சியிலும் கழுத்திலும் உள்ளிருந்தும், பக்கங்களில் வெளியிலிருந்தும் தாங்கும் ஆறு முனைப் பிடிப்பு இருந்தால் மெல்லிய கார்பன் சட்டம் பிழைக்கும். டென்னிஸ் இயந்திரம் சிலவற்றில் பக்கத் தாங்கிகள் இறகுப்பந்து மட்டையைத் தொடாமலே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பார்க்கப் போகும்போது, போனாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய மட்டை ஒன்று, சில மீட்டர் நரம்பு, ஒரு மார்க்கர் பேனா, பயணப்பெட்டியைத் தூக்கி எடைபார்க்கும் டிஜிட்டல் தராசு ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். நரம்பை இழுத்துக் கிளாம்பால் பிடித்தபின், கிளாம்பை ஒட்டி ஒரு புள்ளி வைத்துவிட்டு இழுவையைத் தளர்த்துங்கள் (டிராப் வெயிட்டில் எடையைத் தூக்கினால் போதும்). புள்ளி விலகி நகர்ந்தால், கிளாம்பின் உள்முகம் தேய்ந்திருக்கலாம் அல்லது பிசுக்கேறியிருக்கலாம். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, திருகை ஒரு சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் புதுக் கிளாம்பின் விலையைக் கழித்துக்கொண்டே பேரம் பேச வேண்டும். அடுத்து, தராசின் ஒரு முனையை அசையாத தாங்கியில் கட்டி, மறுமுனையில் கட்டிய நரம்பை 24 பவுண்டுக்கு இழுத்தால் ஏறத்தாழ 10.9 கிலோ காட்ட வேண்டும். மூன்று நான்கு முறையும் அரைக் கிலோ கூடுதலாகவே காட்டினால் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கட்டிவிடலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண்ணைக் காட்டும் இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பெருநகரக் கடைக்காரர்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய மின்னணு இயந்திரம் வாங்கியபின் பழைய டிராப் வெயிட்டைக் காயலான் கடைக்குப் போடாமல், அருகிலுள்ள பள்ளிக்கோ கழகத்துக்கோ நியாயமான விலைக்குத் தாருங்கள். தரும்போது கிளாம்புகள், குத்தூசி, தாங்கிகளை இறுக்கும் ஆலன் சாவிகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தால், வாங்குகிறவர்கள் அவற்றைத் தேடி மறுபடி உங்கள் ஊருக்கு அலைய நேராது.

இப்படிக்கு,
இறகுப்பந்துக் கழகச் செயலாளர் ஒருவர்,
விருதுநகர்.