பழைய காகிதங்கள் கண்காட்சி: ஞாயிறு அன்று கொண்டு வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் பழைய ஆண்டு மலர், நாடக நோட்டீஸ், குரூப் போட்டோ எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்கிறோம். வரும் ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை பள்ளி நூலகத்தில் பெற்றுக்கொள்வோம்.

துண்டுச் சீட்டுதானே என்று எதையும் ஒதுக்காதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராக நோட்டீஸ், அழைப்பிதழ் வரை சேர்த்து வைத்தார். அதை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது.

1. லேமினேட் செய்யவே வேண்டாம். என் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழைச் செய்துவிட்டேன். ஓரம் பழுத்து, உள்ளே குமிழ் விட்டிருக்கிறது. இனி பிரிக்க முடியாது. இன்றும் மனசு கேட்கவில்லை.
2. கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். கிழிந்தபடியே வரட்டும்.
3. துருப்பிடித்த பின்னை இழுக்காதீர்கள், நாங்கள் எடுக்கிறோம்.
4. சுருட்டாமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டு வாருங்கள்.
5. பின்பக்கம் பென்சிலில் மட்டும் பெயர், ஆண்டு எழுதுங்கள்.

அதிக வெளிச்சம் பட்டால் காகிதம் கெடும் என்பதால் அருங்காட்சியகங்களில் அதற்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் வெளிச்சம் வைப்பார்கள். அதனால் அறை மங்கலாகவே இருக்கும். மிக நைந்தவற்றுக்கு நகல்தான் காட்சியில், அசல் பெட்டியில்.

அப்புறம், ஜன்னல்களுக்குத் திரை கட்ட சனி மாலை 4 மணிக்கு நான்கு பேர் வேண்டும்.

என்ன கொண்டு வருகிறீர்கள், எந்த ஆண்டு, எத்தனை என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.